கோயில் நாம்பனுக்குச் சாத்தின படலை

படலைக்கு அங்காலை கோயில் நாம்பன். இஞ்சாலை என்ரை மச்சாள்.

நாம்பன் கோவத்திலை தள்ளேல்லை. தெரிஞ்ச வீட்டுக்கு வந்த ஆள் கதவைத் தள்ளுற மாதிரி, நெத்தியைப் படலையிலை வைச்சு ஆறுதலாத் தள்ளுது. ஒவ்வொரு தள்ளுக்கும் படலை ஒரு சாண் உள்ளை வரும். மச்சாள் முதுகைக் குடுத்து, காலை மணலுக்கை புதைச்சு, அந்த ஒரு சாணைத் திருப்பி அனுப்புவா.

பின்னாலை கொட்டிலுக்கை சிவலை கத்திக்கொண்டு நிக்குது. சிவலை எங்கடை பசு. பசு நாம்பனைத் தேடிக் கத்திற கத்து மாடு வளத்த ஆக்களுக்குத் தெரியும். பசிக்குக் கத்திற மாதிரி இல்லை. கண்டைக் காணாமல் கத்திற மாதிரியும் இல்லை. அடிவயித்திலை இருந்து நீண்டு வரும். கேக்கிற எங்களுக்கே நெஞ்சுக்கை என்னவோ செய்யும். அதைக் கேட்டுத்தான் நாம்பன் ரண்டு ஒழுங்கை தாண்டி வந்து நிக்குது.

"கயிறு, பவளம்" எண்டா மச்சாள்.

நான் தும்புக் கயித்தை எடுத்துக்கொண்டு ஓடினன். படலையையும் வேலிப் பூவரசங் கதியாலையும் சேத்துக் கட்டினம். நாம்பன் ஒருக்காத் தள்ளிச்சுது. கயிறு வாழைநார் மாதிரி அறுந்து போச்சுது.

"கொடியை அவிட்டுக்கொண்டு வாடி."

கொடி எண்டது நாங்கள் உடுப்புக் காயப்போடுற நீலக் கயிறு. அண்ணை கப்பலிலை இருந்து கொண்டந்த நைலோன் கயிறு. நான் அவிட்டுக்கொண்டு நிக்கேல்லை, இழுத்தன். ஐயாவின்ரை வேட்டியும் மச்சாளின்ரை சீலையும் ஈரத்தோடை மணலிலை விழுந்துது. அந்தக் கயித்தாலை சுத்திக் கட்டின பிறகு நாம்பன் எவ்வளவு தள்ளியும் படலை அசையேல்லை.

பக்கத்து வளவுப் பொன்னம்மாக்கா வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்தா. "எடி யோகம், சாமியெல்லே வந்து நிக்குது. திறந்து விடு பிள்ளை. வாயில்லாச் சீவனைக் கத்த விட்டு வேடிக்கை பாக்கிறாய். பாவம் பிடிக்கும்."

மச்சாள் கயித்து முடிச்சை இன்னும் இறுக்கினா. படலையிலை சாஞ்சபடி மூச்சு வாங்கிக்கொண்டு நிண்டா. நெத்தி வேர்த்து, குங்குமம் கரைஞ்சு மூக்கு நுனி மட்டும் வந்திட்டுது.

மச்சாள் செத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிஞ்சுது. கண்ணை மூடினால் ஆசுபத்திரிக் கட்டிலிலை மஞ்சளாக் கிடந்த முகம் வருமெண்டு பயந்துகொண்டு இருந்தன். அது வரேல்லை. குங்குமம் கரைஞ்ச இந்த முகம்தான் வருது. அதாலை, போன கிழமை இந்தப் பத்தியிலை எழுதத் துவங்கின கிணறு வெட்டின கதை அப்பிடியே பாதியிலை கிடக்கட்டும். இந்தக் கிழமை எனக்கு வேறை ஒண்டும் எழுத வராது.

சூலக்குறி

எங்கடை வீடு பருத்தித்துறைக்கு இஞ்சாலை, கடக்கரையோடை. ஆம்பிளையள் கடலிலையும் கப்பலிலையும். வீட்டிலை பொம்பிளையளும் மாடுகளும்.

வடக்கு ஒழுங்கையிலை ஒரு வீட்டுக்காரர், காத்திலை அம்பிட்ட தோணி கரை சேந்தால் தங்கடை பசு போடுற முதல் நாம்பன் கண்டைக் கோயிலுக்கு விடுறம் எண்டு நேந்தவையாம். தோணி வந்திட்டுது. கண்டும் வந்திட்டுது. துடையிலை சூலக்குறி சுட்டு விட்டினம். அண்டையிலை இருந்து அது சாமியின்ரை மாடு.

சாமியின்ரை மாடெண்டால் எல்லாருக்கும் சொந்தம். விடிய ஒரு வீட்டுக் கஞ்சி, மத்தியானம் இன்னொரு வீட்டுப் புண்ணாக்கு, பின்னேரம் கோயிலடியிலை வாழைப்பழம். எங்கடை படலையாலை வந்தால் நல்லது நடக்குமெண்டு ஆக்கள் தொட்டுக் கும்பிடுவினம். வெள்ளை நிறம். திமில் ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கும். வெயிலுக்கை நடந்து வந்தால் கண் கூசும்.

பசுவுக்கு நாம்பன் தேடி ஒருத்தரும் அலையிறதில்லை. பசு கத்தினால் அது தானா வரும். படலையைத் திறந்து விட்டால் சரி. ஊரிலை ஓடித் திரிஞ்ச கண்டெல்லாம் அதின்ரை முகந்தான்.

பிறகு ஒரு வருசம் கண்டுகள் குறைஞ்சுது. ஒரு வீட்டுப் பசு நாலாம் மாசமே குறைக் கண்டு போட்டிட்டுது, எலிக்குஞ்சு மாதிரி மயிரில்லாத கண்டு. இன்னொரு வீட்டுப் பசு சினை நிக்குதில்லை. நாம்பன் வந்து போய் மூண்டு கிழமையிலை திரும்பக் கத்துது. திரும்ப நாம்பன் வருது. திரும்பக் கத்துது.

கண்ணூறு எண்டிச்சினம். உப்புக் கிணத்துத் தண்ணி எண்டிச்சினம். ஒருத்தரும் நாம்பனைப் பாக்கேல்லை. அது கொழுத்து மினுங்கிக்கொண்டு திரிஞ்சுது. அதுக்கு ஒரு நோய் வருத்தம் எண்டு ஆர் நினைப்பினம்?

கூறைச் சீலையும் தண்ணி வாளியும்

சிவலை எங்கடை வீட்டுக்கு வந்தது மச்சாளின்ரை சீதனத்திலை.

மச்சாள் தொண்டைமானாத்துப் பிள்ளை. பொம்பிளை மாப்பிளை காரிலை வந்திட்டினம். சிவலையை மச்சாளின்ரை தம்பி கடக்கரை றோட்டாலை நடத்திக்கொண்டு வந்தான். வந்து சேரேக்கை பின்னேரம். முத்தத்திலை பந்தி நடக்குது. படலையடியிலை ஒரு "ம்மா" கேட்டுது. கூறைச் சீலையோடை கதிரையிலை இருந்த பொம்பிளை எழும்பி ஓடிப்போய், கிணத்தடியிலை வாளியைத் தூக்கி, மாட்டுக்குத் தண்ணி வைச்சா. மாமிமார் வாயிலை கையை வைச்சிட்டினம். மாப்பிளையா இருந்த அண்ணை மட்டும் சிரிச்சார். அண்ணை அப்பிடி வாய் விட்டுச் சிரிச்சு நான் அதுக்கு முன்னம் கண்டதில்லை.

எனக்கு நினைவு தெரிய முன்னமே அம்மா செத்துப் போட்டா. ஐஞ்சாம் வகுப்போடை என்னை மறிச்சு மாட்டுக்கும் அடுப்புக்கும் விட்டிட்டினம். வீட்டுக்கை இன்னொரு பொம்பிளையின்ரை குரல் கேட்டது எனக்கு அப்பதான். அவவுக்கு என்னிலும் ரண்டோ மூண்டோ வயசுதான் கூட. ஒரே பாயிலை படுப்பம். என்ரை தலையை இழுத்து வைச்சுப் பேன் பாத்துக்கொண்டே ஊர்க் கதை எல்லாம் சொல்லுவா. சிரிப்பு வந்தால் குட்டுவா.

அண்ணை அவவோடை இருந்தது ஒரு வைகாசியும் ஆனியுந்தான். பிறகு கப்பலுக்கு வரச்சொல்லித் தந்தி வந்திட்டுது. அண்ணை பெட்டியைக் கயித்தாலை வரிஞ்சு கட்டிக்கொண்டு பஸ்ஸேறப் போனார். மச்சாள் அழேல்லை. போய்ச் சிவலையிலை பால் கறக்க இருந்தா. அண்டைக்குக் கறந்து முடிய நெடு நேரம் எடுத்துது.

கயிறு மட்டும் திரும்பி வந்தது

ஐயா முந்தித் தோணியிலை இந்தியாக் கரைக்குப் போய் வந்தவர். பாய்மரம் விழுந்து வலது கை முறிஞ்சு போக, கடலை விட்டிட்டுக் கறுப்பி எண்டு ஒரு பசுவை வாங்கினார். கடலோடிக்கு மாடேன் எண்டு சிரிச்சவையாம். கறுப்பியின்ரை பால்தான் என்னை வளத்தது.

அந்தக் கறுப்பி குறைக் கண்டு போட்டுது. பிறகு சினையே நிக்கேல்லை. அடுத்த மாரிக்குச் சிவலையும் குறைக் கண்டு போட்டுது. மச்சாள் அந்தக் குஞ்சுக் கண்டைச் சாக்கிலை சுத்தி மடியிலை வைச்சுக்கொண்டு கொட்டிலுக்கை இருந்தா. எங்களாலை பறிக்க ஏலாமல் போச்சுது.

ஆடி மாசம் ஐயா கறுப்பியை லொறிக்காரனிட்டை குடுத்திட்டார். என்னத்துக்கு எண்டு எல்லாருக்கும் தெரியும். பால் தராத, கண்டு தராத மாட்டை ஆர் வளக்க வாங்கினம்? மாட்டை வித்தாலும் கயித்தைக் குடுக்கிறதில்லை எங்கடை பக்கம். ஐயா ஒழுங்கையாலை வந்தார், நல்ல கையிலை கயித்தைச் சுருட்டிப் பிடிச்சுக்கொண்டு. வந்து கொட்டில் கூரை வளையிலை தொங்க விட்டிட்டு, சாப்பிடாமல் படுத்திட்டார்.

அடுத்த நாள் அவர் மச்சாளைக் கூப்பிட்டுச் சொன்னது நல்லா நினைவிருக்கு. "பிள்ளை, உன்ரை மாடு. நான் கை வைக்கக் கூடாது. ஆனால் மூண்டு வயித்துக்கே சோறு இல்லாத வீட்டிலை நாலாவது வயித்தைச் சும்மா வைச்சிருக்க ஏலாது. சித்திரைக்குள்ளை சினை நிக்காட்டில் அதையும் அனுப்ப வேணும்."

"சித்திரை மட்டும் விடுங்கோ மாமா" எண்டா மச்சாள். வேறை ஒண்டும் சொல்லேல்லை.

கரவெட்டி டொக்குத்தர்

கரவெட்டியிலை ஒரு மாட்டு டொக்குத்தர் வந்திருக்கிறார் எண்டு முந்தி எங்களிட்டைப் பால் வாங்கின ஆள் ஒருத்தர் சொன்னார். நானும் மச்சாளும் வெள்ளண எழும்பி நடந்து போனம்.

டொக்குத்தர் சின்னப் பெடியன் மாதிரி. பசு நாம்பன் சேருற கதையைப் பொம்பிளையள் ரண்டு பேருக்குச் சொல்ல அவருக்கு வெக்கம். மேசையிலை கிடந்த பென்சிலைப் பாத்துக்கொண்டு புத்தகத்திலை இருக்கிற மாதிரித் தமிழ் கதைச்சார். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. மச்சாள் பொறுமையாக் கேட்டிட்டு, "அப்ப நாம்பனுக்கு வருத்தம் எண்டு சொல்லுறியள்?" எண்டா.

அவர் ஓம் எண்டு தலையாட்டினார். பிறகு நேராக் கதைச்சார்.

ஊருக்கெல்லாம் ஒரு நாம்பன் எண்டால், ஒரு பசுவிலை இருக்கிற வருத்தத்தை அது மற்றப் பசுவுக்குக் கொண்டுபோகும். நாம்பனுக்கு வெளியாலை ஒண்டும் தெரியாது. திண்ணும், கொழுக்கும். பசுவிலைதான் தெரியும், சினை நிக்காது, நிண்டாலும் விழும். பசுவுக்கு மருந்து ஓய்வுதான். மூண்டு நாலு தரம் கத்தினாலும் நாம்பனிட்டை விடாமல் வைச்சிருந்தால் கருப்பை தானாச் சுகப்படும். பிறகு வருத்தமில்லாத நாம்பனின்ரை விந்து எடுத்து ஊசியாலை ஏத்தலாம். இடையிலை ஒருக்கா விட்டாலும் செய்ததெல்லாம் வீண்.

"நாம்பனுக்கு?" எண்டா மச்சாள்.

நாம்பனுக்குச் சுகம் வாறது கஷ்டம் எண்டார். விதை நசுக்கி நலமடிச்சு வண்டிலுக்கு விடலாம், இல்லாட்டில் பசுக்கள் இல்லாத இடத்திலை கட்டி வைக்கலாம். இன்னொரு ஊரிலை கோயில் மாட்டைப் பற்றி இதைச் சொல்லிப் பாத்தவராம். திரும்பி வந்து பாக்க, சைக்கிளிலை ரண்டு ரயருக்கும் காத்தில்லையாம்.

விழுந்த கண்டை என்ன செய்தனீங்கள் எண்டும் கேட்டார். கறுப்பியின்ரை கண்டை ஐயா வேலிக்கு வெளியிலை எறிஞ்சது, நாயள் இழுத்தது, எல்லாம் சொன்னம். இனிமேல் ஆழமா வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொன்னார்.

நானும் மச்சாளும் திரும்பி நடந்தம். நெல்லியடிச் சந்தி தாண்டினாப் பிறகுதான், "சாமியின்ரை மாட்டை எப்பிடியடி வாசலிலை மறிக்கிறது?" எண்டா.

விரதக்காரி

மறிச்சதைத்தான் துவக்கத்திலை சொன்னன். ஐப்பசி மாசம் அது. நாம்பன் இருட்டும் மட்டும் படலையடியிலை நிண்டிட்டுப் போச்சுது. அடுத்த நாள் கோயில் மணியகாரர் வந்தார், கோயில் அலுவல் எல்லாம் பாக்கிறவர். பின்னாலை ரண்டு மூண்டு பேர். படலை கட்டிக் கிடந்தபடியால் அவரும் நாம்பன் நிண்ட இடத்திலைதான் நிக்க வேண்டி வந்திட்டுது.

ஐயா பதறிக்கொண்டு ஓடி முடிச்சை அவிட்டார். நீலக் கயித்து முடிச்சு லேசிலை அவிழாது. அதுக்கிடையிலை மச்சாள் தலையை முடிஞ்சுகொண்டு வந்திட்டா.

"சாமியின்ரை மாட்டுக்குப் படலை சாத்தினியாம் பிள்ளை."

"சாமிக்குச் சாத்துவனே மணியம்? எங்கடை சிவலை விரதம்."

"ஆர்?"

"சிவலை. சந்நிதி முருகனுக்கு நேந்திருக்கிறன், தைப்பொங்கல் முடியுமட்டும் நாம்பனோடை சேராமல் விரதம் இருக்கிறதெண்டு. வாயில்லாச் சீவன், தானாக் காக்கத் தெரியாது. நான்தான் காவல்."

மணியகாரர் கொட்டில் பக்கம் எட்டிப் பாத்தார். "மாடும் விரதம் இருக்குமோ?"

"கோயிலுக்கு மாட்டை நேரலாமெண்டால், மாட்டுக்கு விரதம் நேரக்கூடாதோ?"

அவர் ஐயாவைப் பாத்தார். ஐயா கிணத்தைப் பாத்தார். பின்னாலை வந்த ஒருத்தர் சிரிப்பை அடக்கேலாமல் இருமினார். மணியகாரர் சால்வையை உதறித் தோளிலை போட்டுக்கொண்டு போட்டார்.

உள்ளை வந்தாப் பிறகு, உண்மையா நேந்தனீங்களோ எண்டு கேட்டன். அந்த நேரம் வாயிலை வந்ததுதான் எண்டு சிரிச்சா. ஆனால் வாயாலை சொன்னது சொன்னதுதான், இனி அது நேத்திதான் எண்டு போட்டு, அண்டையிலை இருந்து மீன் மச்சம் தொடேல்லை. ஆத்துவாயிலை பிறந்து மீன் வாசத்திலை வளந்தவ. நான் மீன் பொரிச்சால் எழும்பிக் கிணத்தடிக்குப் போடுவா.

ஊர் சும்மா விடுமே? சிவலைக்கு விரதக்காரி எண்டு பேர் வைச்சிட்டுது. தண்ணி அள்ளப் போனால், உங்கடை விரதக்காரி இண்டைக்கு என்ன சாப்பாடு எண்டு கேப்பினம். ஒருத்தி எங்களுக்குக் கேக்கச் சொன்னா: "புருசன் கப்பலிலை. தனக்கில்லாதது மாட்டுக்கும் வேண்டாமெண்டு கட்டி வைச்சிருக்கிறாள்."

நான் சண்டைக்குத் திரும்பினன். மச்சாள் என்ரை கையை இறுக்கிப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்திட்டா. 

கத்தட்டும்

மூண்டு கிழமைக்கு ஒருக்கா அந்தச் சத்தம் வரும். விடியத் துவங்கினால் அடுத்த நாள் மட்டும். சிவலை திண்ணாது. கொட்டில் கப்புத் தூணிலை தலையைத் தேய்க்கும். கயித்தை இழுத்து இழுத்துக் கழுத்துத் தோல் உரிஞ்சு போச்சுது. எனக்குப் பொறுக்காது. காதைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கை இருப்பன்.

மச்சாள் அதுக்குப் பக்கத்திலைதான் நிப்பா. தாடைக்குக் கீழை, கழுத்துத் தோல் தொங்கத் துவங்கிற இடத்திலை, விரல் மடக்கித் தடவிக்கொண்டே நிப்பா. அந்த ஒரு இடத்திலை தடவினால் மட்டும் அது கொஞ்சம் அடங்கும்.

மார்கழி மாசத்துக் கத்து. மழை தூறிக்கொண்டு இருந்துது. நான் போய், இண்டைக்கு மட்டும் விட்டிடுவமோ மச்சாள், பாவமாக் கிடக்கு எண்டன்.

அவ திரும்பிப் பாக்கேல்லை. தடவிறதையும் நிப்பாட்டேல்லை. "கத்தட்டும் பவளம். நானும் உள்ளுக்கை கத்திக்கொண்டுதான் திரியிறன். ஆருக்குக் கேக்குது? நான் என்ன, செத்தே போனன்?"

பிறகு சிரிச்சா. நான் சிரிக்கேல்லை. 

இந்த இடத்திலை பொன்னம்மாக்காவைப் பற்றிச் சொல்ல வேணும். வேலிக்கு மேலாலை பாவம் எண்டு ஏசினவ, ஒரு பின்னேரம் வேலிப் பொட்டுக்காலை புகுந்து வந்தா. ஆக்கள் குனிஞ்சு வந்து போக வேலியிலை விடுற ஓட்டையைத்தான் பொட்டு எண்டுறது. வாசலாலை வந்தால் ஊர் பாக்குமே. தன்ரை பசுவும் ரண்டு தரம் குறைக் கண்டு போட்டதாம். மெல்லக் கேட்டா, "யோகம், உந்த விரதம் எங்கடை மாட்டுக்கும் பிடிக்கலாமோ?"

மச்சாள் டொக்குத்தர் சொன்னதெல்லாத்தையும் இருத்தி வைச்சுச் சொன்னா. நாம்பன் எண்ட சொல்லை மட்டும் விட்டிட்டா. பொன்னம்மாக்காவுக்கு விளங்கிச்சுது. அவவும் அந்தச் சொல்லைச் சொல்லேல்லை.

பிறகு ஒவ்வொரு வீடா. எங்கடை மாடும் விரதம். எங்கடை நாகும் விரதம். நாகு எண்டால் இன்னும் கண்டு போடாத இளம் பசு. ஒழுங்கை முழுக்கப் படலை கட்டிக் கிடந்துது. சாமியின்ரை மாட்டுக்கு வருத்தமெண்டு ஒருத்தர் வாயாலையும் வரேல்லை. கஞ்சியை மட்டும் படலைக்கு வெளியிலை வைச்சினம். கடைசியிலை மணியகாரரின்ரை பெண்சாதியும் பொட்டுக்காலை வந்திட்டுப் போனா. அடுத்த கிழமை நாம்பன் கோயில் பின் வளவிலை, சுத்திவர வேலி அடைச்சு, நல்ல நிழலிலை நிக்குது. சாமியும் விரதமாம். மணியகாரரே சொன்னார்.

கேக்காத சத்தம்

பொங்கல் முடிஞ்சு சிவலை கத்தின அண்டைக்கு டொக்குத்தர் தோளிலை பிளாஸ்க்கோடை வந்தார். விடியக் கத்தினால் பின்னேரம் ஊசி, அதுதான் கணக்கு. தகப்பன் இல்லாத கண்டெண்டு ஊர் ஒரு பாட்டம் சிரிச்சுது.

அடுத்த மூண்டு கிழமை எங்கடை வீட்டிலை ஒருத்தரும் சத்தமாக் கதைக்கேல்லை. கத்த வேண்டிய நாள் வந்துது. விடியத் தொடக்கம் மச்சாள் கொட்டில் வாசலிலை குந்தி இருந்தா. நான் வாசல் கூட்டாமல் நிண்டன். ஐயா சுருட்டைப் பத்த வைக்காமல் கையிலை வைச்சிருந்தார். சிவலை வைக்கல் திண்டுது. அசை போட்டுது. படுத்துது. பொழுது பட்டுது. கத்தேல்லை.

ஐயா எழும்பிப் போய், வளையிலை தொங்கின கறுப்பியின்ரை கயித்தை எடுத்து ஒருக்காத் தடவிப் பாத்திட்டுத் திரும்பத் தொங்க விட்டார். மச்சாள் அப்பதான் அழுதா. அண்ணை போன அண்டைக்கு அழாததெல்லாத்தையும் சேத்து அழுதா.

ஐப்பசி மழைக்கை கண்டு பிறந்துது. பசுக் கண்டு. நீலா எண்டு பேர் வைச்சா மச்சாள். செம்மண் நிறக் கண்டுக்கு நீலாவோ எண்டு பொன்னம்மாக்கா சிரிக்க, படலைக் கயித்தைக் காட்டினா. முதல் கறந்த கடும்புப் பால் காய்ச்சி, சிரிச்ச வீடு ஒண்டு விடாமல் எல்லாருக்கும் குடுத்தா.

நல்லபடியாக் கண்டு போட்ட மாட்டுக்குக் கண்டோடை விழுற இளங்கொடியைச் சாக்கிலை பொட்டளியாக் கட்டி, பால் வடியிற மரத்திலை தொங்க விடுறது எங்கடை வழக்கம். மாட்டுக்குப் பால் பெருகுமாம். கோயிலடி ஆலமரம் நிறைய அந்தப் பொட்டளியள்தான். அந்த ரண்டு மூண்டு வருசம் புதுசா ஒண்டும் ஏறேல்லை. மச்சாள் மழைக்கை நனைஞ்சுகொண்டு போய், படலைக் கயித்திலை பாதியை வெட்டி, தானே கொப்பிலை எறிஞ்சு கட்டினா. கயிறு விறைச்சுப் போய் முடிச்சு விழேல்லை. பல்லாலை கடிச்சு இழுத்துக் கட்டினா.

அவிழாத பெட்டி

அண்ணை இடையிலை ஒருக்கா வந்து போனார். மாடு விரதம் இருந்த கதையைக் கேட்டு, கலியாணத்தண்டைக்குச் சிரிச்ச மாதிரிச் சிரிச்சார். பிறகும் கப்பல்.

மச்சாளுக்குக் காமாலை வந்து, பருத்தித்துறை ஆசுபத்திரியிலை வைச்சு, கெதியா எல்லாம் முடிஞ்சுது. அண்ணை வந்து சேரேக்கை அந்தியேட்டியும் போச்சுது. வந்த பெட்டியை மூலையிலை வைச்சார். கயிறு வரிஞ்சபடி அப்பிடியே கிடந்துது. அதிலை இருந்து மாத்துடுப்பும் எடுக்கேல்லை. ஐயாவின்ரை வேட்டியைத்தான் உடுத்துக்கொண்டு இருந்தார். எப்ப திரும்பப் போறார் எண்டு கேக்க எனக்குப் பயம். நாங்கள் ரண்டு பேரும் அவவின்ரை பேரைச் சொல்லிக் கதைக்கிறதே இல்லை.

முந்தநாள் விடிய நீலா கத்திச்சுது. முதல் கத்து. தாயின்ரை அதே குரல். மாவரிச்சுக்கொண்டு நிண்ட எனக்கு, மச்சாள் இப்ப கொட்டிலுக்கு ஓடுவா எண்டு ஒரு கணம் நினைப்பு வந்திட்டுது.

இப்ப ஒழுங்கையிலை வேறை ஒரு நாம்பன் திரியுது, ஆரோ வன்னியிலை இருந்து கொண்டந்தது. எந்தப் பட்டியிலை நிண்டதோ, என்ன வருத்தமோ தெரியாது. கொஞ்ச நேரத்திலை அது படலையடிக்கு வந்திட்டுது. எங்கடை மிச்ச நீலக் கயிறு கிணத்து வாளியோடை போய்க் கனகாலம்.

நான் கரவெட்டிக்குச் சைக்கிளிலை ஓட வேணும். ஐயாவின்ரை ஒரு கையாலை படலையைப் பிடிக்கேலாது. அண்ணையிட்டைப் போய், நான் வருமட்டும் அந்த நாம்பனை உள்ளை விட்டிடாதேங்கோ எண்டன்.

"அந்த நீலக் கயிறு எங்கை?" எண்டார்.

"ஆலமரத்திலை. மச்சாள் கட்டினவ."

அவர் எழும்பி ஒழுங்கையாலை போனதைக் கண்டன். நானும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்தாலைதான் போனன். ஆலமரத்துக்குக் கீழை அண்ணாந்து பாத்துக்கொண்டு நிண்டார். மற்றப் பொட்டளியள் எல்லாம் உக்கி விழுந்திட்டுது. மச்சாளின்ரை சாக்கும் இல்லை. நீலக் கயிறு மட்டும் முடிச்சோடை கொப்பிலை கிடக்குது. எட்டினால் எடுக்கலாம். அவர் கை நீட்டேல்லை.

நான் டொக்குத்தரோடை திரும்பி வரேக்கை பின்னேரம். வன்னி நாம்பன் படலைக்கு வெளியிலை படுத்துக் கிடந்து அசை போடுது. படலை கட்டிக் கிடக்குது. புதுக் கயிறு, தடிச்ச வெள்ளைக் கயிறு. எங்கத்தைக் கயிறெண்டு எனக்கு உடனை மட்டுக் கட்டேலாமல் போச்சுது.

உள்ளை போய்ப் பாத்தன். மூலையிலை பெட்டி கயிறில்லாமல் திறந்து கிடந்துது. மேலாலை ஒரு சீலை. கடையிலை மடிச்ச மடிப்புக் குலையேல்லை.

கொட்டிலுக்கை நீலா கத்துறது குறைஞ்சிருந்துது. அண்ணை அதோடை ஒட்டிக்கொண்டு நிண்டார். ஒருத்தரும் அவருக்குச் சொல்லிக் குடுக்கேல்லை. தாடைக்குக் கீழை, கழுத்துத் தோல் தொங்கத் துவங்கிற இடத்திலை, விரலை மடக்கித் தடவிக்கொண்டு நிண்டார்.